கணையப் புற்றுநோய்க்கு நானோ ட்ரீட்மென்ட் நிஜமாவே இருக்கா, இல்ல வீடியோல மட்டும்தானா?

மழைத்துளி:

எல்லாருக்கும் வணக்கம். என் தாய்மாமாவுக்கு கணையத்துல கேன்சர்னு பயாப்ஸில உறுதி பண்ணிட்டாங்க. வயசு அறுபத்தஞ்சு ஆகப்போகுது. கணையத்தோட தலைப்பகுதில கட்டி, கல்லீரல்லயும் சின்னச் சின்னதா பரவியிருக்கு, அதனால ஆபரேஷனுக்கு வழியில்லன்னு சொல்லிட்டாங்க. காமாலை ரொம்ப ஏறிப்போச்சு, பித்தக்குழாய்ல ஸ்டென்ட் வச்சிருக்காங்க, அது இறங்கினதும் கீமோ ஆரம்பிக்கலாம்னு டாக்டர் ஜெம்சிடபின் கூட நாப்-பேக்ளிடாக்செல்னு எழுதிக் குடுத்திருக்கார்.

இதுக்கு நடுவுல சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்ல ஒரு வீடியோ சுத்துது, நானோ ரோபோ ரத்தத்துல நீந்திப் போய் கேன்சர் செல்லை மட்டும் தேடிக் கொல்லுதாம், பக்கவிளைவே கிடையாதாம். அதைப் பார்த்துட்டு "பழைய கீமோவைப் போட்டு உடம்பைக் கெடுத்துக்காதீங்க, நானோ எங்க குடுக்கறாங்கன்னு விசாரிங்க"ன்னு ஆளாளுக்கு போன் பண்றாங்க. மாமாவும் இப்போ கீமோ வேணாம், அதையே பாருன்னு பிடிவாதமா இருக்கார். எனக்கு சயின்ஸ் எல்லாம் பத்தாவதோட சரி. இந்த நானோ டெக்னாலஜி கணையக் கேன்சருக்கு நிஜமா வந்துடுச்சா? வந்திருந்தா டாக்டர் ஏன் அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல? அதைத் தேடிக்கிட்டு கீமோவைத் தள்ளிப் போடலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ், தலை சுத்துது.

வேகநடை:

கவலைப்படாதீங்க சிஸ்டர். நானோ குர்குமின்னு கேப்ஸ்யூல் ஆன்லைன்லயே கிடைக்குது, மஞ்சள்ல இருந்து எடுக்கறது, இயற்கையானது, நானோ சைஸ்ல இருக்கறதால நேரா செல்லுக்குள்ள போயிடும்னு போட்டிருந்தான். கீமோ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அதை ட்ரை பண்ணிப் பாக்கலாமே, நஷ்டம் என்ன?

லேப்_கோட்:

மழைத்துளி, கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன்: தள்ளிப் போடாதீங்க. இந்த நோய் சும்மா காத்துக்கிட்டு இருக்காது. இன்னைக்கு கீமோ தாங்குற தெம்புல இருக்கறவர் கொஞ்ச நாள் போனா அந்தத் தெம்புல இருப்பார்னு சொல்ல முடியாது, அந்தத் தெம்பைப் பார்த்துதான் எந்த மருந்து குடுக்கலாம்னே முடிவு பண்றாங்க.

ரெண்டாவது, உங்க டாக்டர் எழுதிக் குடுத்ததே நானோ மருந்துதான்! நாப்-பேக்ளிடாக்செல்ங்கறது பேக்ளிடாக்செல்ங்கற பழைய கீமோ மருந்தை அல்புமின்ங்கற புரதத்தோட சேர்த்து சுமார் 130 நானோமீட்டர் சைஸ்ல துகளாக்கினது. ஒரு சிவப்பணுவோட குறுக்களவு ஏழாயிரம் நானோமீட்டருக்கு மேல, அதோட பார்த்தா எவ்ளோ பொடின்னு தெரியும். அப்ராக்ஸேன்ங்கற பேர்ல 2005ல மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவுல அனுமதி வாங்கினது, 2013ல கணையத்துக்கும் கிடைச்சுது. ஆக மாமா கேக்குற நானோ அவருக்கு ஏற இருக்குற டிரிப் பாட்டில்லயே இருக்கு. இதை அப்படியே அவர்கிட்ட சொல்லுங்க, பாதிப் பிடிவாதம் இறங்கிடும்.

நான் டாக்டர் இல்ல, மருந்து ஃபார்முலேஷன் பண்ற வேலைல இருக்கேன், அதனால இந்த நானோ சமாச்சாரம் கொஞ்சம் தெரியும், அதைச் சொல்றேன். கணையக் கட்டின்னா முழுக்க கேன்சர் செல் அடைச்சு வச்சிருக்கும்னு நினைப்போம், அப்படி இல்ல, அதுல பெரும்பகுதி தழும்பு மாதிரி நார்தான். கொலாஜன், ஹயலுரோனிக் ஆசிட், நாரை உண்டாக்கற ஃபைப்ரோபிளாஸ்ட் செல்னு எல்லாம் சேர்ந்து கெட்டிப்பட்டுப் போயிருக்கும், அதுக்கு ஸ்ட்ரோமான்னு பேர். சில கட்டிகள்ல எண்பது தொண்ணூறு சதவீதம் வரைக்கும்கூட இந்த நார்தான் இருக்கும். இது ரத்தக்குழாயை நசுக்கிடுது, உள்ள திரவத்தோட அழுத்தம் ஏறிக்கிடக்கு. ரத்தத்துல மருந்து என்னமோ ஓடிக்கிட்டுதான் இருக்கு, ஆனா கட்டிக்குள்ள நுழைய மாட்டேங்குது. தண்ணில ஊறின ஸ்பாஞ்சை கைல இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அதுக்குள்ள இன்னும் தண்ணி ஏத்தப் பாக்குற மாதிரி. வேற கேன்சர்ல நல்லா வேலை செய்யற மருந்துகூட கணையத்துல சொதப்பறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நானோ துகள் மேல எல்லாரும் நம்பிக்கை வச்சது எதனாலன்னா, 1986ல ஜப்பான்ல மாட்சுமுராவும் மயேடாவும் ஒண்ணு கண்டுபிடிச்சாங்க. கட்டியோட ரத்தக்குழாய் அவசர அவசரமா வளர்ந்தது, சுவர்ல ஓட்டை ஓட்டையா இருக்கும், பெரிய மூலக்கூறுகள் அது வழியா கசிஞ்சு உள்ள போய் அங்கயே தங்கிடுதுன்னு. அப்போ மருந்தை சரியான சைஸ் துகளா பண்ணா நல்ல திசுவை விட்டுட்டு கட்டில மட்டும் சேரும்னு கணக்குப் போட்டாங்க. எலில பிரமாதமா வந்துச்சு. மனுஷங்கள்ல அவ்ளோ சுலபமா வரல, அதுலயும் ரத்த ஓட்டமே குறைவா இருக்குற கணையக் கட்டில ரொம்பக் கஷ்டம். 2016ல டொராண்டோ பல்கலைக்கழகத்துக்காரங்க பத்து வருஷ ஆய்வுகளை எல்லாம் ஒண்ணா அலசிப் பார்த்தாங்க, விலங்குகளுக்கு ஊசில ஏத்தின நானோ துகள்ல கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது 0.7 சதவீதம், அதுவும் மீடியன், அதாவது வரிசையா அடுக்கினா நடுவுல வர்ற அளவு. மிச்சத்துல பெரும்பகுதியை கல்லீரலும் மண்ணீரலும் பிடிச்சு வச்சுக்குது. எங்க துறைல அந்தப் பேப்பர் வந்தப்போ பெரிய சண்டையே நடந்துச்சு, இப்பவும் ஓயல.

அந்த வீடியோல வர்ற ரோபோ எதுன்னு எனக்கு ஒரு யூகம் இருக்கு. 2018ல டிஎன்ஏவை மடிச்சு குழாய் மாதிரி செஞ்சு, அதுக்குள்ள ரத்தத்தை உறைய வைக்கிற த்ராம்பின்ங்கற என்சைமை ஒளிச்சு வச்சு, கட்டியோட ரத்தக்குழாய்ல போய் திறந்துக்கற மாதிரி ஒண்ணு பண்ணாங்க. அருமையான வேலை, ஆனா அது எலிகள்ல பண்ணினது. ஆஸ்பத்திரில கேட்டு வாங்கற பொருள் இல்ல. டாக்டர் அதைப் பத்திப் பேசாததுக்குக் காரணம் அவ்ளோதான்.

வேகநடை, நஷ்டம் என்னன்னு கேட்டீங்க. மஞ்சள், குர்குமின் சப்ளிமென்ட்டால கல்லீரல் கெட்டுப் போன கேஸ்கள் மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு, உடம்புல நல்லா ஏறணும்னு மாத்தி செஞ்ச கேப்ஸ்யூல்ல இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். இவருக்கோ பித்தக்குழாய் அடைச்சு, கல்லீரல்ல பரவி, ஸ்டென்ட் வச்சு காமாலை இறங்கக் காத்திருக்காங்க. காமாலைல ஏறுற பிலிருபின்ங்கற நிறமி இறங்கலன்னா நாப்-பேக்ளிடாக்செல்லே குடுக்க முடியாது. போயும் போயும் இவர் கல்லீரல்லயா சோதனை பண்ணணும்?

வேகநடை:

ஓகே ப்ரோ, அவருக்குப் பித்தக்குழாய் அடைப்பு இருக்கறதை நான் யோசிக்கல. விளம்பரத்துல ஒரு வரிகூட இதைப் பத்தி இல்ல.

எதிர்க்கேள்வி:

எல்லாம் சரி லேப்கோட், ஆனா ரிசல்ட்டையும் சொல்லிடுங்க. இந்த மருந்தை கணையக் கேன்சர்ல சோதிச்ச எம்பேக்ட் ட்ரையல், 861 பேர், ஜெம்சிடபின் மட்டும் போட்டவங்களுக்கு ஆயுள் 6.7 மாசம், நாப்-பேக்ளிடாக்செல் சேர்த்துப் போட்டவங்களுக்கு 8.5 மாசம். ரெண்டு மாசம்கூட இல்ல! இதுக்குத்தான் இவ்ளோ நானோ பில்டப்பா? மாமா கீமோ வேணாம்னு சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கான்னு ஒருத்தராவது யோசிக்கணும்ல.

லேப்_கோட்:

நம்பர் சரிதான், நான் மறைக்கல, முதல் பதில்லயே போட்டு அவங்களை பயமுறுத்த வேணாம்னு விட்டேன், அவ்ளோதான். அது மீடியன், அதாவது பாதிப் பேர் அதுக்கு மேல இருந்தாங்க, பாதிப் பேர் அதுக்குக் கீழ. அதே ட்ரையல்ல ஒரு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க 22 சதவீதத்துல இருந்து 35 ஆச்சு. மழைத்துளியோட மாமா எந்தப் பக்கம்னு முன்கூட்டியே சொல்ல யாராலயும் முடியாது, ரெண்டு மாசம் கீமோ போட்டு ஸ்கேன் எடுத்தாதான் கேக்குதா இல்லையான்னே தெரியும்.

ஆனா நானோ பில்டப் பத்தி நீங்க சொன்னதுல நான் உங்க கட்சி. பழைய பேக்ளிடாக்செல் தண்ணில கரையாது, அதைக் கரைக்க ஆமணக்கெண்ணெய்ல இருந்து செய்யற கிரெமோஃபோர்னு ஒரு கரைப்பானைச் சேர்ப்பாங்க, அதுக்கே பல பேருக்கு கடுமையான அலர்ஜி வரும், முன்னாடியே ஸ்டீராய்டு போட்டுட்டுத்தான் ஏத்தணும். அல்புமின்ல சேர்த்ததால அந்தக் கரைப்பான் போச்சு, மருந்தோட அளவையும் கூட்ட முடிஞ்சுது. ரத்தத்துல ஏறின கொஞ்ச நேரத்துலயே அந்த 130 நானோமீட்டர் துகள் உடைஞ்சு, மருந்து ஒட்டின தனித்தனி அல்புமினா ஆயிடும். அதாவது துகள் முழுசா நீந்திப் போய் கட்டியைக் கண்டுபிடிக்கிற கதை எல்லாம் அங்க நடக்கறதில்ல. ஸ்பார்க்னு ஒரு புரதம் ஸ்ட்ரோமாவுல நிறைய இருக்கு, அது அல்புமினைப் பிடிச்சு உள்ள இழுக்கும்னு ஒரு தியரியும் வச்சிருந்தாங்க. எம்பேக்ட்லயே அதைச் சோதிச்சுப் பார்த்தப்போ ஸ்பார்க் அதிகம் இருந்தவங்களுக்குக் கூடுதல் பலன்னு எதுவும் வரல. ஆக இது நல்லா வடிவமைச்ச கீமோ, அவ்ளோதான். நோயாளிக்கு அது போதும், பத்திரிகை தலைப்புக்குத்தான் போதாது.

மழைத்துளி:

லேப்கோட் அண்ணா, ரொம்ப நன்றி. நானோதான் ஏறப்போகுதுன்னு மாமாகிட்ட சொன்னேன், "அப்படியா, அப்ப ஏன் டாக்டர் அதைச் சொல்லல"ன்னு கேட்டார், கொஞ்சம் இறங்கி வர்றார். எதிர்க்கேள்வி சார், நீங்க சொன்னதும் வலிக்குது ஆனா தெரிஞ்சுக்கணும்தான். இன்னொரு சந்தேகம், லிப்போசோம்னு ஒண்ணு இருக்காமே, அது இதைவிடப் புதுசு, நல்லதுன்னு சொல்றாங்களே? அப்புறம் இந்த கீமோ ஏத்தினா ஆள் எப்படி இருப்பார்னு யாராவது சொல்லுங்க.

கிணத்தடி_அக்கா:

மழைத்துளி, எங்க அம்மாவுக்கு இதே காம்பினேஷன்தான் போட்டாங்க, அதனால எப்படி இருக்கும்னு மட்டும் சொல்றேன்மா. வழக்கமா வாரம் ஒருக்கா மூணு வாரம் ஏத்திட்டு நாலாவது வாரம் ரெஸ்ட், அது ஒரு சைக்கிள். ஒவ்வொரு தடவையும் முன்னாடி ரத்தம் எடுத்து வெள்ளையணு, பிளேட்லெட் பார்ப்பாங்க, குறைவா இருந்தா அந்த வாரம் தள்ளிப் போடுவாங்க இல்ல டோஸைக் குறைப்பாங்க. அப்படிப் பண்ணா ட்ரீட்மென்ட் தோத்துப் போச்சுன்னு நினைச்சு வீட்ல அழாதீங்க, அது ரொம்ப சகஜம். முடி கொட்டும். முக்கியமா கை கால் விரல் மரத்துப் போறது, எரியறது, சட்டை பட்டன் போட முடியல, செருப்பு கழண்டு விழுந்தது தெரியலன்னு ஆரம்பிக்கும், அப்பவே டாக்டர்கிட்ட சொல்லணும், தாங்கிக்கலாம்னு பேசாம இருந்தா முத்திடும், சீக்கிரம் சொன்னா நிறுத்தி வச்சோ குறைச்சோ குடுப்பாங்க, நிறையப் பேருக்கு நிறுத்தின சில வாரத்துல குறைஞ்சுடுது. பெரியவங்க இருக்காங்களே, டாக்டர் "எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவாங்க. கூடப் போறவங்கதான் வாயைத் திறக்கணும்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டா, ஃபாரன்ஹீட்ல 100.4, ராத்திரியா இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க, பாராசிட்டமால் போட்டுட்டு விடியட்டும்னு பாக்காதீங்க. வெள்ளையணு குறைஞ்சிருக்கறப்ப வர்ற காய்ச்சல் சாதாரணம் இல்ல. இவருக்கு ஸ்டென்ட் வேற இருக்கு, அது அடைச்சாலும் காய்ச்சல், குளிர், திரும்பக் காமாலைன்னு வரும்.

இன்னொண்ணு இங்க யாரும் சொல்லல. சாப்பிட்டது செரிக்காம, மலம் எண்ணெய்ப் பசையா மிதந்து போகும், எடை குறைஞ்சுக்கிட்டே வரும். கட்டியாலதான் இளைக்கறார்னு எல்லாரும் விட்டுடுவாங்க. கணையம் சுரக்கற என்சைம் குடலுக்கு வரலன்னாலும் அப்படி ஆகும், அதுக்கு என்சைம் கேப்ஸ்யூல் இருக்கு, சாப்பாட்டோட சேர்த்தே எடுத்துக்கணும், சாப்பிட்டு முடிச்சு ரொம்ப நேரம் கழிச்சுப் போட்டா பிரயோஜனம் இல்ல. இதை நீங்களா கேட்டு வாங்குங்க. எங்க அம்மாவுக்கு நானோ மருந்து பண்ணினதைவிட இது பண்ணின வித்தியாசம்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது.

லேப்_கோட்:

அக்கா சொன்னதுக்கு மேல ஒண்ணும் இல்ல. லிப்போசோம் கேள்விக்கு வர்றேன். லிப்போசோம்ங்கறது கொழுப்பால ஆன நுண்ணிய உருண்டை, உள்ள மருந்தை அடைச்சு வச்சிருப்பாங்க. கணையத்துக்கு இருக்கறது லிப்போசோமல் இரினோடெக்கான், ஓனிவைட்னு பேர், சுமார் 110 நானோமீட்டர். இது நிஜமாவே துகளாவே ரொம்ப நேரம் ரத்தத்துல சுத்தும். ஜெம்சிடபின் போட்டும் நோய் வளர்ந்தவங்களுக்கு 5-எஃப்யூங்கற கீமோ, அதுக்கு வலு சேர்க்கற லியுகோவோரின் கூடச் சேர்த்துக் குடுக்க 2015ல அமெரிக்காவுல அனுமதிச்சாங்க, அந்த நபோலி-1 ட்ரையல்ல மீடியன் ஆயுள் 4.2 மாசத்துல இருந்து 6.1 ஆச்சு. அப்புறம் ஆக்ஸாலிபிளாட்டினும் சேர்த்து நாலு மருந்தா, நாலிரிஃபாக்ஸ்னு, முதல் ட்ரீட்மென்ட்டாவே குடுத்துப் பார்த்தாங்க, நபோலி-3ன்னு, 770 பேர். உங்க மாமாவுக்கு எழுதியிருக்கற அதே ஜெம்சிடபின் நாப்-பேக்ளிடாக்செல்லோட நேருக்கு நேர். அதுக்கு 9.2 மாசம், நாலிரிஃபாக்ஸுக்கு 11.1 மாசம். 2024 பிப்ரவரில முதல் ட்ரீட்மென்ட்டுக்கும் அனுமதி கிடைச்சுது.

உடனே அதை மாத்திக் கேக்கணும்னு ஓடாதீங்க. நாலு மருந்து, வயித்துப்போக்கு பலமா போகும், 5-எஃப்யூ ரெண்டு நாளைக்குப் பக்கம் பம்ப்ல ஏறிக்கிட்டே இருக்கும், உடம்புல தெம்பு வேணும். யுஜிடி1ஏ1ங்கற மரபணுவுல ஒரு வகை மாறுபாடு இருக்கறவங்களுக்கு இரினோடெக்கான் சரியா வெளியேறாம வெள்ளையணு ரொம்ப விழுந்துடும், அவங்களுக்கு டோஸைக் குறைச்சு ஆரம்பிக்கணும். காமாலைல இருந்து இப்போதான் எழுந்து வர்றவருக்கு டாக்டர் எதுக்கு நாப்-பேக்ளிடாக்செல்லைத் தேர்ந்தெடுத்தார்னு கேட்டுப் பாருங்க, காரணம் இருக்கும்.

எதிர்க்கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன், லிப்போசோம் இல்லாம சாதா இரினோடெக்கானை வச்சு ஃபால்ஃபிரினாக்ஸ்னு ஒரு நாலு மருந்துக் கூட்டணி 2011லயே வந்துடுச்சு, அதுலயும் 11.1 மாசம்தான். வேற வேற ட்ரையலை ஒண்ணோட ஒண்ணு அப்படியே ஒப்பிடக் கூடாது, ஆள் தேர்வே வேற, ஆனா லிப்போசோம் போட்டதால கூடுதலா எவ்ளோ கிடைச்சுதுன்னு கேட்டா நேரடிப் போட்டி வச்சுப் பார்க்காம எனக்கு தைரியமா சொல்ல வாய் வரல.

ஒரு சின்ன எச்சரிக்கை. நாப்-பேக்ளிடாக்செல்லும் சாதா பேக்ளிடாக்செல்லும் ஒண்ணு இல்ல, டோஸே வேற. லிப்போசோமல் இரினோடெக்கானும் சாதாவும் அதே மாதிரி. பாட்டில்ல ஏத்தறதுக்கு முன்னாடி பேரைச் சரி பார்க்கறதுல தப்பே இல்ல.

எதிர்க்கேள்வி:

நீங்களே சொல்லிட்டதால அதை விடறேன். அந்த ஸ்ட்ரோமாவைக் கரைச்சுட்டு மருந்தை அனுப்பினா என்ன? இவ்ளோ பெரிய பிரச்சனைன்னா யாராவது முயற்சி பண்ணியிருப்பாங்களே.

லேப்_கோட்:

பண்ணாங்க, அடி வாங்கினாங்க. ஹயலுரோனிக் ஆசிடைக் கரைக்கிற என்சைமை நாப்-பேக்ளிடாக்செல் கூடச் சேர்த்து பெரிய ட்ரையல் நடத்தினாங்க, ஆரம்பக் கட்டத்துல நல்லாத்தான் தெரிஞ்சுது, 2019ல மூணாம் கட்ட முடிவு வந்தப்போ ஆயுள்ல வித்தியாசமே இல்ல. அதுக்கு முன்னாடியே 2014ல எலிகள்ல ஃபைப்ரோபிளாஸ்ட்டை எடுத்துட்டுப் பார்த்தா கட்டி இன்னும் மூர்க்கமா வளர்ந்துச்சு, அதாவது அந்த நார் மருந்தை மட்டும் தடுக்கல, ஏதோ ஒரு விதத்துல கேன்சரையும் கட்டிப் போட்டிருக்கு. துகளைச் சின்னதாக்கலாம்னு இன்னொரு வழி. டோக்கியோல கட்டாவோக்கா குழு 30, 50, 70, 100 நானோமீட்டர்னு நாலு சைஸ்ல மருந்துத் துகள் செஞ்சு எலில போட்டுப் பார்த்தாங்க, கணையக் கட்டிக்குள்ள ஆழமா இறங்கி வேலை செஞ்சது 30 மட்டும்தான். 2011 பேப்பர் அது, எனக்கு ரொம்பப் பிடிச்சது. எலிதான், இருந்தாலும் ஏன் நுழையல, எந்த சைஸ்ல நுழையுதுன்னு நேரடியாக் கேட்ட ஆய்வுகள் கொஞ்சம்தான்.

கோடைமழை:

இடைல வர்றேன், எம்ஆர்என்ஏ தடுப்பூசின்னு ஒண்ணு கணையக் கேன்சருக்கு வந்திருக்குன்னு நியூஸ்ல பார்த்தேன், அதுவும் நானோதானே? இவங்க மாமாவுக்கு ஆகுமா?

லேப்_கோட்:

நானோதான், இப்போதைக்கு எனக்கு ரொம்ப ஆர்வம் இருக்கறதும் அதுலதான், ஆனா இவருக்கு ஆகாது, அதை முதல்லயே சொல்லிடறேன். நியூயார்க்ல மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையமும் பயோஎன்டெக்கும் சேர்ந்து பண்றது. ஆபரேஷன் பண்ணி எடுத்த கட்டியோட மரபணுவைப் படிச்சு, அந்த ஒருத்தருக்குன்னே எம்ஆர்என்ஏ, அதாவது எந்தப் புரதத்தைச் செய்யணும்னு செல்லுக்குச் சொல்ற செய்தி மாதிரி ஒரு மூலக்கூறு, தயாரிச்சு, கொழுப்பு நானோ துகள்ல வச்சு ஊசி போடறாங்க. இங்க துகள் கட்டிக்குள்ள நுழையவே வேண்டாம் பாருங்க, நோய் எதிர்ப்பு செல்களுக்கு செய்தியைச் சேர்த்தா போதும். நானோ துகளை கல்லீரலும் மண்ணீரலும் பிடிச்சுக்குதுன்னு புலம்பினேனே, மண்ணீரல்ல எதிர்ப்பு செல்கள் குவிஞ்சு கிடக்கறதால இதுக்கு அதுவே சாதகம். முதல் கட்டத்துல 16 பேர், அதுல 8 பேருக்கு எதிர்ப்பு சக்தி கிளம்புச்சு. மூணு வருஷம் தாண்டிப் பார்த்தப்போ அந்த 8 பேர்ல 2 பேருக்குத்தான் நோய் திரும்பியிருந்துச்சு, கிளம்பாத 8 பேர்ல 7 பேருக்குத் திரும்பிடுச்சு. சின்ன ட்ரையல், கிட்டத்தட்ட எல்லாருக்கும் கூடவே கீமோவும், நோய் எதிர்ப்பைத் தூண்டற இன்னொரு இம்யூனோதெரபி மருந்தும் குடுத்தாங்க, அதனால கொண்டாட இன்னும் நேரம் இருக்கு, அடுத்த கட்ட ட்ரையல் நடக்குது. ஆனா இது எல்லாமே ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கு, பரவினவங்களுக்கு இல்ல.

மழைத்துளி, உங்களுக்கு இதைவிட உடனே உதவக்கூடியது மரபணு டெஸ்ட். பிறவியிலேயே பிஆர்சிஏங்கற மரபணுவுல மாற்றம் இருக்கான்னு பார்க்கணும், இருந்தா ஆக்ஸாலிபிளாட்டின் மாதிரி பிளாட்டினம் வகை கீமோ நல்லா கேக்கும், அதுக்கப்புறம் ஓலாபரிப்னு மாத்திரையும் இருக்கு, அது கீமோ தேர்வையே மாத்திடும். உங்க அம்மா அவரோட கூடப் பிறந்தவங்கங்கறதால உங்க வீட்டுக்கும் அந்த ரிசல்ட் தெரியணும்.

மழைத்துளி:

பிஆர்சிஏ பத்தி யாரும் எங்ககிட்ட பேசவே இல்ல அண்ணா. திங்கக்கிழமை டாக்டரைப் பார்க்கறோம். மரபணு டெஸ்ட், என்சைம் கேப்ஸ்யூல், நாலு மருந்து ஏன் இல்லங்கறது, மூணையும் எழுதி வச்சுக்கிட்டேன். மாமா ஒரு கண்டிஷன் போட்டிருக்கார், அந்த வீடியோ அனுப்பினவங்களை நான் திட்டக் கூடாதாம்.

கிணத்தடி_அக்கா:

திட்டாதேம்மா, ஆனா குரூப்பை மியூட்ல போடு. திங்கக்கிழமை போறப்ப நாலாவதா வலியையும் சேர்த்து எழுதிக்கோ, முதுகுப் பக்கம் இழுக்கற வலி இந்த நோய்ல சகஜம், வலி நிவாரண டாக்டர்கிட்ட கீமோ ஆரம்பிக்கறப்பவே காமிக்கலாம், கடைசி வரைக்கும் காத்திருக்கணும்னு இல்ல.